ஷூ கழற்றும் நேரத்துக் கேள்வி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களை ஒரு பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். ஒரகடம் பக்கம் புதிதாக வந்திருந்த கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். தெற்கேயிருந்து பை நிறையச் சான்றிதழோடு வந்து இறங்கும் பிள்ளைகளிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். பலகையின் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் திறந்த கேள்வி, மறுபக்கம் மூடிய கேள்வி என்று எழுதினார். ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துபோகிற கேள்வி மூடியது. என்ன, எப்படி, ஏன் என்று கேட்டுவிட்டு எதிராளி பேசக் காத்திருப்பது திறந்தது. இதுவரை எனக்கு ஒன்றும் தகராறு இல்லை. அந்த அம்மாள் அதோடு நிறுத்தவில்லை. மூடிய கேள்வி கேட்கிறவர்களுக்கு எதிரே இருக்கிற மனுஷர்மேல் அக்கறை கிடையாது, தனக்கு வேண்டிய பதிலைப் பிடுங்கிக்கொண்டு போவதுதான் அவர்கள் குறி என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் என் அப்பாவைத் திட்டுவதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதும் அந்தக் கோபத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

என் அப்பா மூடிய கேள்வியைத் தவிர வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்தார். நான் அப்போது வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்குக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாலையில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்பவை எப்போதும் அதே மூன்றுதான். சாப்ட்டியா, பஸ்ஸு கெடச்சுதா, பரீட்சை முடிஞ்சுதா. மூன்றுக்கும் மூன்று தலையாட்டல். அதற்குமேல் அவருக்கு என்னிடம் கேட்க எதுவும் இருக்காது. "இன்னா இது, போலீஸ் ஸ்டேஷனா? பொண்ணாண்ட பேசறாப்பல பேசேன்" என்று அம்மா சீண்டுவாள். அவர் காதில் விழாததுபோல் டிவிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அது அவருடைய தொழிலிலிருந்து வந்த பழக்கம். லைனில் ஒரு மிஷின் நின்றுபோனால், அங்கே நிற்கிற ஆப்பரேட்டரிடம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே மாட்டாராம். "இன்னா ஆச்சுன்னு கேட்டா அவன் கதை சொல்லுவான். எனக்குக் கதை வாணாம்." லைட் எரிந்ததா, மோட்டார் சத்தம் கேட்டதா, வாசனை வந்ததா என்று மட்டும் கேட்பார். பிறகு கரண்ட் புறப்படுகிற இடத்துக்கும் போய்ச் சேருகிற இடத்துக்கும் நடுவே ஓரிடத்தில் மீட்டரை வைத்துப் பார்ப்பார். அங்கே கரண்ட் இருந்தால் முதல் பாதி நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடலாம். மிச்சப் பாதியின் நடுவில் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். இப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் பழுது ஓடி ஒளிய இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். வீட்டு மிக்சியைப் பிரித்துப்போட்டு வைத்துக்கொண்டு ஒருநாள் இதை எனக்குச் சொன்னார். அவர் என்னிடம் தொடர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அம்மா அப்படியே தலைகீழ். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வரிசையாக அறைகள் கட்டி, கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். திருநெல்வேலி, சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைக் குழாயடியிலேயே பிடித்துக்கொள்வாள். "இன்னா சேதி தம்பி இன்னிக்கு?" அவ்வளவுதான் கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். அந்தச் சும்மா நிற்பதில்தான் விஷயம் இருந்தது. அந்தப் பையன் முதலில் ஒன்றுமில்லை என்பான், பிறகு சூப்பர்வைசர் திட்டினது வரும், அப்புறம் ஊரில் தங்கைக்கு வரன் பார்ப்பது வரும், கடைசியில் கண் கலங்கிக்கொண்டு நிற்பான். "எங்க அம்மகூட இப்படிக் கேக்க மாட்டாவ" என்று ஒருவன் என்னிடமே சொன்னான்.

ஊரெல்லாம் வாய் திறந்த அந்தக் கேள்விக்கு ஒரே ஒருவர்தான் திறக்கவில்லை. அப்பா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து கனத்த சேஃப்டி ஷூவின் லேஸை அவிழ்ப்பார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள். "இன்னா சேதி இன்னிக்கு?" அவர் லேஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார். "ஒண்ணுமில்ல." கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில். ஒருநாளாவது அலுத்துப்போய்க் கேட்காமல் விட்டாளா என்றால் அதுவும் இல்லை. "ஒண்ணுமில்லாத கம்பெனிக்கு இன்னாத்துக்குத்தான் தெனம் போறியோ" என்று சிரித்துக்கொண்டே டீ போடப் போவாள். எனக்கு அவர்மேல் எரிச்சலாக வரும். ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

எங்கள் ஊர் மாதா கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பப் போனபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பின்னறைப் பையன்கள்தான் தூக்கி வேனில் ஏற்றினார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் வலது காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. "தா" என்கிற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் தா, கோபம் வந்தாலும் தா. இடது கையில் சிலேட்டுக் குச்சியைக் கொடுத்துப் பார்த்தோம். கோடுகள் வந்தன, எழுத்து வரவில்லை. பேச்சு இருந்த இடத்தில்தான் எழுத்தும் இருந்தது, இரண்டும் சேர்ந்து போய்விட்டன என்று டாக்டர் விளக்கினார்.

சின்ன வயது டாக்டர் அந்தம்மா, பொறுமையானவர். வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "நீங்க பேசறது அவங்களுக்குப் புரியும். பதில்தான் வராது. அதனால என்ன வேணும்னு கேக்காதீங்க. ஆமா, இல்லன்னு தலையாட்டற மாதிரி கேளுங்க." நான் அப்பாவைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க எதற்காகத் திட்டு வாங்கினாரோ, அதையே செய்யச் சொல்லி ஒரு டாக்டர் மருந்துச் சீட்டோடு அனுப்புகிறார். வேறு சமயமாக இருந்தால் அம்மா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

டாக்டர் சொன்னதன் அர்த்தம் வீட்டுக்கு வந்தபிறகுதான் புரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "எப்டி கீறே? இன்னா பண்ணுது?" என்று கேட்டார்கள். அம்மா வாயைத் திறப்பாள். உதடு கோணும், கழுத்து நரம்பு புடைக்கும், "தா, தா" என்று வரும். கேட்டவர்களுக்கு அழுகை வந்துவிடும். அவர்கள் அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஊரையே பேச வைத்த கேள்வி அவளிடம் திரும்பி வந்தபோது அதைப்போல் கொடுமை வேறில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. சில சமயம் வாசலிலேயே நின்று, "தூங்குது" என்று பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவிடம் மட்டும் அவள் சிரமப்படவில்லை. "தாகமா, மே? வலிக்குதா? கையா? காலா? மேலயா, முட்டிக்குக் கீழயா?" ஒவ்வொன்றாகக் கேட்பார், அவள் தலையை ஆட்டுவாள். நான் அரைமணி நேரம் தடுமாறுவதை அவர் நாலைந்து கேள்வியில் பிடித்துவிடுவார். அவசரமே படமாட்டார். கட்டிலைக் கூடத்தில் வாசலைப் பார்த்தாற்போல் போட்டதும் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். அவளுக்கு வாசல் தெரிய வேண்டியிருந்தது.

எல்லாம் பிடிபட்டது. சாயங்காலம் மட்டும் பிடிபடவில்லை.

பகலெல்லாம் அமைதியாக இருப்பாள். அவர் வந்து படியில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடும். தலையணையிலிருந்து எழப் பார்ப்பாள். இடது கையை நீட்டி, "தா... தா..." அவர் ஷூவைக்கூட முழுசாகக் கழற்றாமல் ஓடிவருவார். சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பாள். தண்ணியா, இல்லை. ஒண்ணுக்கா, இல்லை. ஃபேன் போடணுமா, செபமாலை வோணுமா, கோயிலுக்குப் போகணுமா. எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் கை சட்டையிலிருந்து நழுவும். கண்ணை மூடிக்கொள்வாள், ஓரத்தில் தண்ணீர் இறங்கும். மறுநாள் மறுபடியும்.

அப்பா தன் வழியில் இறங்கினார். "உடம்பு சமாச்சாரமா, மே?" இல்லை. "ஏதாவது பொருளா?" இல்லை. "ஆளா?" ஆமாம். "வூட்ல கீற ஆளா?" ஆமாம். "பொண்ணா?" இல்லை. "நானா?" அவள் வேகமாகத் தலையாட்டினாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அங்கேயே பல வாரம் நின்றுவிட்டது. அவரைப் பற்றியது என்பதுவரை வந்துவிட்டார், அதற்குமேல் வழி தெரியவில்லை. மூடிய கேள்வியின் சங்கடம் அதுதான். கேட்கிறவன் ஏற்கெனவே நினைத்துப் பார்த்த இடத்துக்குத்தான் அது போகும். தன்னைப் பற்றி என்று தெரிந்ததும் அவருக்கு நினைக்கத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். தான் ஏதோ தப்பு செய்திருக்கிறோம், அதை அவள் மனதில் வைத்திருக்கிறாள், சொல்லாமல் போய்விடப் போகிறாள். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடித்தார். சரியாகச் சாப்பிடவில்லை. கோயில் சாமியாரைக் கூட்டிவந்து பேச வைத்தார். சாமியாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. செபம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் அப்பா குரல் கேட்டது. "பெரியவன் பொறந்து செத்தானே. நீ ஆஸ்பத்திரில தனியாக் கெடந்தே. நான் ஷிப்ட்ட விட்டு வரல. அதுவா, மே?" எனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தவறியது எனக்குத் தெரியும். அதை அவர் இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தது தெரியாது. எட்டிப் பார்த்தேன். அம்மா இல்லையென்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் அவர் கன்னத்தைத் தடவினாள். அவர் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அது இல்லையென்றானதில் நிம்மதி இருந்திருக்கும், ஆனால் அது இல்லையென்றால் வேறு எது? நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். அழுகிற அப்பாவிடம் என்ன பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம். மழை பிடிக்கிறதுபோல் இருந்தது. அப்பா வந்து படியில் உட்கார்ந்து லேஸில் கை வைத்தார். அம்மா ஆரம்பித்தாள். அன்றைக்கு அவர் ஓடிவரவில்லை. ஒரு ஷூ கழன்றிருந்தது, இன்னொன்றின் லேஸ் கையில் இருந்தது. அப்படியே நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒற்றை ஷூவோடு எழுந்து வந்தார்.

"ஏம்மே, நீ என்னாண்ட இன்னாமோ சொல்லணும்னு நெனச்சே தேடிக்கினு இருந்தேன். நீ சொல்லணுமா?"

இல்லை.

"கேக்கணுமா?"

அம்மாவின் தலை ஆடியது. நிறுத்தாமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"என்னாண்ட கேக்கணும்." ஆமாம். "இன்னிக்கு சமாச்சாரமா?" ஆமாம். அவர் குரல் இறங்கிவிட்டது. "கம்பெனில இன்னா சேதின்னு கேக்கறியா?"

அவள் அழவில்லை. உடம்புக்கு முடியாமல் போனதற்குப் பிறகு முதல்முறையாக, கோணின வாயோடு சிரித்தாள். நான்தான் அழுதேன். எல்லாரும் அவளிடம் பதிலைத் தேடிக்கொண்டிருந்தோம். அவளிடம் இருந்தது கேள்வி. எந்தச் சாயங்காலமும் தவறாமல் கேட்ட கேள்வியை அப்போதும் தவறாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அப்பா வாயைத் திறந்தார். "ஒண்ணு..." என்று வந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி யோசித்தார். "காலைல... கன்வேயர் ஒண்ணு நின்னுடுச்சு. சென்சார் மேல தூசு. தொடச்சேன், ஓடிச்சு." இவ்வளவுதான். படுமோசமாகச் சொன்னார். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். சும்மா இருந்தாள், முன்பு குழாயடியில் நின்றாளே, அப்படி. அவர் கொஞ்சநேரம் கழித்து, "மத்தியானம் சாம்பார்ல உப்பே இல்ல" என்றார்.

பிறகு அது வளர்ந்தது. தினமும் அவளுக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று பகலெல்லாம் கம்பெனியில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். ஸ்டோர் ரூமில் உடும்பு புகுந்து எல்லாரும் மேஜைமேல் ஏறி நின்றதைச் சொன்னார். வடக்கேயிருந்து வந்த மேனேஜர் "இன்னாப்பா" என்று சொல்லப் பழகிவிட்டதைச் சொன்னார், அவரைப்போலவே சொல்லியும் காட்டினார். அவருக்கு அடுத்தவரைப்போலப் பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கூலிங் டவர் வேலைக்காக மாடிக்கு ஏறினால் செம்பரம்பாக்கம் ஏரி தெரியுமாம். காலையில் வெள்ளையாக, சாயங்காலம் செம்பட்டையாக இருக்குமாம். தண்ணி ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று நாளுக்கு நாள் வந்து சொன்னார். வல்லம் வடகால் பக்கம் பஸ் போன அன்றைக்கு, நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே கோபமும் இருந்தது. இத்தனை வருஷம் இந்த ஏரி எங்கே போயிருந்தது? கையும் காலும் வாயும் நன்றாக இருந்தபோது, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாளே, அப்போது ஒருநாள், ஒரே ஒருநாள் இந்த ஏரியை அவளுக்குச் சொல்லியிருந்தால் திரும்பி என்னென்ன கேட்டிருப்பாள். இப்போது அவளால் கேட்க முடிந்தது ஒரே கேள்வி. அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். டாக்டர் பயந்தது போலவே இன்னொரு தடவை வந்தது, இந்த முறை உயிர் ஆஸ்பத்திரி வரைக்கும்கூட நிற்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் கல்லறையில் தண்ணீர் தேங்கியிருந்தது. பின்னறைப் பையன்கள் வாளியால் இறைத்து ஊற்றிவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். அன்றைக்கு ஷிப்ட் இருந்தவர்களும் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்கள். சாமியாரைவிட அவர்கள்தான் அதிகம் அழுதார்கள். அப்பா அழவில்லை. யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

லீவு முடிந்து வேலைக்குப் போனார். அன்று சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து சீக்கிரமே வந்து டீயைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கூடத்தில் கட்டில் இல்லை. மடக்கி வைத்துவிட்டோம். அவர் வந்து படியில் உட்கார்ந்தார். வலது கை ஆள்காட்டி விரலில், காலையில் இல்லாத பெரிய கட்டு ஒன்று போட்டிருந்தது. கட்டுத்துணியில் மருந்தின் மஞ்சள் ஊறியிருந்தது. இடது கையால் லேஸை இழுத்துப் பார்த்தார், முடிச்சு அவிழவில்லை.

நான் கிட்டே போய்க் கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். என் வாழ்நாளில் அவரிடம் கேட்டிராத கேள்வி அது. காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சேதிப்பா இன்னிக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை இல்லை. எனக்குப் பின்னால், கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார். நான் சும்மா இருந்தேன். அம்மா இருந்ததுபோலவே இருக்க முயற்சி செய்தேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. இன்னொரு ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தேன். விரலைக் காட்டி, "வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.